கழுவுகிற கை

ஒரகடத்தில் வேலை என்று சொன்னால் "கார் கம்பெனியா, போன் கம்பெனியா?" என்று கேட்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீண்டுகொண்டே போகும் இந்தப் பட்டையில் மற்ற வேலைகள் யார் கண்ணுக்கும் படுவதில்லை. என் வேலை கழுவுவது. பல வருஷம் ஒரு குளிர்பான ஆலையில் தொட்டியும் குழாயும் கழுவினேன். இப்போது இதே சாலையில் இருக்கும் தொழிற்சாலை கேன்டீன்களில் தட்டும் அண்டாவும் தரையும் கழுவுகிறவர்களுக்கு சூப்பர்வைசர். பால், பீர், பானம், சாப்பாடு, எது தயாரானாலும் அதற்குப் பின்னால் எங்களைப் போல ஒரு கூட்டம் உண்டு.

இந்தத் தொழிலில் இருக்கிற அளவுகள் எல்லாம் வாய்க்காக வந்தவை. தொட்டிக்குள் எத்தனை பிபிஎம் மருந்து, எத்தனை நிமிஷம், எத்தனை டிகிரி சூடு, கடைசியில் எவ்வளவு மிச்சம் தங்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. ரெஜிஸ்டரைப் பார்க்க ஒரு ஆடிட்டர் உண்டு. மருந்தைத் தூக்குகிற, ஊற்றுகிற, கலக்குகிற கைக்கு எந்த ரெஜிஸ்டரும் இல்லை. "ஃபுட் கிரேடு தானே சார், ஒண்ணும் ஆகாது" என்று கேனைத் திறக்கிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியாகக் கலந்து, சரியாக வடித்தால் சாப்பிடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்பதற்குத்தான் அந்த உத்தரவாதம். கலக்குவதற்கு முன்னால் கேனுக்குள் இருப்பது வேறு சரக்கு.

ஆலையில் நடப்பது தெரிந்தால் இது புரியும். சிரப் தொட்டி, குழாய், பாட்டில் நிரப்பும் மெஷின் எதையும் கழற்றாமல், உள்ளேயே மருந்தைச் சுற்றவிட்டுக் கழுவும் முறைக்கு சிஐபி என்று பெயர். முதலில் வெறும் தண்ணீர். பிறகு 80 டிகிரிக்குச் சூடாக்கிய ஒன்றரை முதல் 2 சதவீதக் காஸ்டிக் சோடா. மறுபடி தண்ணீர். பிறகு தண்ணீரின் உப்புப்படிவைக் கரைக்க 1 சதவீத அளவில் நைட்ரிக் அல்லது பாஸ்பாரிக் ஆசிட். மறுபடி தண்ணீர். கடைசியில் கிருமிக்கு 150 முதல் 200 பிபிஎம் பெராசெட்டிக் ஆசிட். பால் ஆலையிலும் பீர் ஆலையிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

குழாய்க்குள் ஓடுகிற மருந்து யாரையும் தொடுவதில்லை. சுடுவதெல்லாம் குழாய்க்கு வெளியே இருக்கிற நேரங்களில்தான். கேனிலிருந்து டோஸிங் தொட்டிக்கு மாற்றும்போது, சாம்பிள் வால்வைத் திறந்து டம்ளரில் பிடிக்கும்போது, லைனில் அழுத்தம் இறங்கியதா என்று பார்க்காமல் கேஸ்கெட் மாற்றக் கிளாம்பைத் தளர்த்தும்போது, காலியான கேனை அலசும்போது. ஒரு ஷிப்டில் இந்த நான்கு வேலைக்கும் சேர்த்துக் கொஞ்ச நேரம்தான் ஆகும். எனக்குத் தெரிந்த தீக்காயம் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்தவை. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கெமிஸ்ட்ரி சொல்வதில்லை. "மருந்து எங்கெங்க குழாயை விட்டு வெளிய வருதுன்னு நடந்து பாத்துட்டு வா" என்று அனுப்புவேன். திரும்பி வந்து அவன் சொல்கிற இடங்கள்தான் அவனுடைய பாடம்.

காஸ்டிக் ஒரு நயவஞ்சகமான சரக்கு. ஆசிட் பட்டால் உடனே எரியும், கத்துவோம், தண்ணீருக்கு ஓடுவோம். காஸ்டிக் பட்டால் விரல் வழவழவென்று ஆகும், அவ்வளவுதான். சோப்புத் தண்ணீர் பட்டது போலத் தோன்றும். உண்மையில் அங்கே சோப்பு காய்ச்சப்படுகிறது. நம் தோலில் இருக்கிற கொழுப்புதான் அதற்கு மூலப்பொருள். தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத்தன்மை உள்ளது, பிஎச் கணக்கில் சுமார் 5. 2 சதவீதக் காஸ்டிக் 13ஐத் தாண்டி நிற்கும். ஆசிட் தோலின் புரதத்தை உறையவைக்கும். அந்த உறைந்த படலமே அது மேலும் உள்ளே போவதைக் கொஞ்சம் தடுக்கும். காஸ்டிக் புரதத்தைக் கரைத்துக்கொண்டே போகும். வலி தெரிகிற நேரத்தில் அது ஆழத்துக்குப் போயிருக்கும்.

காஞ்சிபுரம் பக்கத்துப் பையன்களுக்கு இதைச் சொல்ல நான் பட்டு நூலை உதாரணத்துக்கு இழுப்பேன். பட்டு நூலின் பசையை எடுக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுவதை அவர்கள் வீட்டிலோ தெருவிலோ பார்த்திருப்பார்கள். அதே நூலைக் காஸ்டிக்கில் கொதிக்கவிட்டால் பசையோடு நூலும் போய்விடும். பட்டும் புரதம், தோலும் புரதம். பட்டுக்கு என்ன கதியோ அதுதான் தோலுக்கும். வட இந்தியப் பையன்களுக்குப் பட்டுக் கதை புரியாது. அவர்களுக்காக கேன்டீனிலிருந்து ஒரு துண்டுக் கோழித்தோலை வாங்கி, சூடான சிஐபி கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, ஷிப்ட் தொடக்கத்தில் அதில் போட்டு மேஜையில் வைத்துவிடுவேன். டீ பிரேக்கில் பார்த்தால் தோலின் ஓரம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக் குச்சியால் தொட்டால் கொழகொழவென்று வழுக்கும். ஒரு ஒடியாப் பையன் அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் ஸ்டோருக்குப் போய் ஃபேஸ் ஷீல்டு வாங்கி வந்தான். எந்த பாதுகாப்பு போஸ்டரும் அந்த வேலையைச் செய்ததில்லை.

கையைப் பார்த்தே யார் எந்த இடத்தில் வேலை செய்கிறார் என்று எங்களால் சொல்ல முடியும். விரல் நுனி மஞ்சளாக இருந்தால் நைட்ரிக்; தோலின் புரதத்தோடு சேர்ந்து அது மஞ்சள் நிறமாகிவிடும், தேய்த்தால் போகாது, அந்தத் தோல் உரிந்து புதுத்தோல் வரும்வரை இருக்கும். புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தால் பெராசெட்டிக் கேனைத் தொட்டவர். அதில் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருப்பதால் தோலை வெளுக்கவைத்துச் சுருக்சுருக்கென்று குத்தும். பழுப்புக் கறை அயோடின் மருந்து. இது எதுவும் இல்லாமல் கணுக்கள் வெடித்து, விரல் இடுக்கு சிவந்து, ரேகை வறண்டுபோயிருந்தால் அவர் தட்டு கழுவுகிறவர். அந்தக் கையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதுதான் எண்ணிக்கையில் அதிகம்.

"கிளவுஸ் போட்டிருந்தேன் சார், அப்புறமும் வெந்துடுச்சு." இதைக் கேட்காத சூப்பர்வைசர் இருக்க மாட்டார். பையன் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். எந்த கிளவுஸ் என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிய வெள்ளை லேடெக்ஸ், பரிமாறுகிறவர்கள் போடும் பாலிதீன் உறை, வெல்டர் போடும் தோல் கிளவுஸ், நூல் கிளவுஸ் எல்லாம் ஸ்டோரில் ஒரே பெட்டியில் கிடக்கும். நூல் கிளவுஸ் மருந்தை உறிஞ்சித் தோலோடு பிடித்துவைக்கும்; வெறுங்கையாக இருந்தாலாவது வழிந்து போயிருக்கும். காஸ்டிக்குக்கும் கலந்த ஆசிட்டுக்கும் முழங்கைக்குப் பக்கம் வரை வரும் தடித்த பச்சை நைட்ரைல் நன்றாக உழைக்கும். அடர்ந்த பெராசெட்டிக்குக்கு அதையும் நம்பி நெடுநேரம் நிற்கக் கூடாது. அதற்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும், விலை அதிகம். பியூட்டைல் இல்லாத இடத்தில் நைட்ரைல் தெறிப்புக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, மருந்து பட்டவுடன் கழுவிக் கழற்றி மாற்ற வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வேலைக்கு முன்னால் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கிளவுஸ் போடும் வழக்கம் உண்டு. வேலை முடிந்து, கழுவித் துடைத்த பிறகு எண்ணெய் தடவுவது நல்லது. இழந்த கொழுப்பைக் கொஞ்சமாவது ஈடு கட்டும். வேலைக்கு முன்னால் தடவினால், போடுவது லேடெக்ஸாக இருக்கும் பட்சத்தில், எண்ணெய் அந்த ரப்பரை ஊறவைத்து இளக்கிவிடும். இரண்டு நாளில் விரல் நுனி தொளதொளவென்று ஆகிக் கிழியும். ஒவ்வொரு ஷிப்டிலும் போடுவதற்கு முன் கிளவுஸின் வாயை முறுக்கிக் காற்றை அடைத்து, விரல்களை அழுத்திக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் காற்று சொல்லிவிடும்.

கிளவுஸின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. கை கீழ்நோக்கி வேலை செய்தால் சட்டைக்கை கிளவுஸுக்கு மேலே வர வேண்டும். மேலே இருக்கிற வால்வைத் திறக்கக் கையைத் தூக்கினால் அதே ஏற்பாடு ஆபத்து. சொட்டு முழங்கை நோக்கி வழியும். அப்போது கிளவுஸைச் சட்டைக்கைக்கு மேலே இழுத்து, வாயை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துவிட வேண்டும். வழிவது அந்த மடிப்பில் நின்றுவிடும். பேன்ட்டை கம்பூட்டுக்குள் செருகுவதும் இதே கதைதான். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் மேலே சிந்துவது நேராகப் பூட்டுக்குள் இறங்கி, பாதத்தில் தேங்கி நிற்கும். பேன்ட் எப்போதும் பூட்டுக்கு வெளியே தொங்க வேண்டும்.

பிறகு கயிறு. மணிக்கட்டில் சிவப்போ கறுப்போ மஞ்சளோ ஒரு கோயில் கயிறு இல்லாத ஆளை இந்த லைனில் பார்ப்பது அரிது. திருப்பதி, சபரிமலை, மேல்மருவத்தூர், வடக்கத்திப் பையன்களுக்கு அவரவர் ஊர்த் தெய்வம். பருத்திக் கயிறு மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். கையைக் கழுவிவிட்டோம் என்று நினைத்திருப்போம். கயிறு மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையமாக வேகவைத்துக்கொண்டிருக்கும். மோதிரத்துக்கும் வாட்ச் பட்டைக்கும் இதே குணம். கண்ணாடி வளையல் கிளவுஸை உள்ளிருந்தே கிழிக்கும். "கயிறை அவுறு" என்று சொன்னால் யாரும் அவிழ்க்க மாட்டார்கள், சொல்கிறவன் மீது கோபம்தான் வரும். "லாக்கர்ல சாமி படம் இருக்கில்ல தம்பி, ஷிப்ட் முடியற வரைக்கும் அவரு கால்ல வச்சுட்டு வா" என்று சொன்னால் வைத்துவிட்டு வருவார்கள்.

இதெல்லாம் எழுதுவது சுலபம், கத்திரி வெயில் காலத்தில் போடுவது கஷ்டம். சூடான சிஐபி அறையில் ஏப்ரன், ஃபேஸ் ஷீல்டு, நைட்ரைல் எல்லாம் போட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் கிளவுஸுக்குள் வியர்வை குளம் கட்டும். ஊறிய தோல் எதையும் எளிதாக உள்ளே விடும். அதனால் கிளவுஸ் போடுகிற நேரத்தைக் குறைப்பதே நல்ல பாதுகாப்பு. ஊற்றுகிற வேலையை விடியற்காலையில் முடித்துவிடலாம். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டு, நனைந்ததும் அதை மட்டும் மாற்றலாம். கம்பூட்டுக்குள் காலுக்கும் இதேதான். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் சேற்றுப்புண் வராமல் என்ன செய்யும்? காலுறை இரண்டு ஜோடி, பூட்டு இரண்டு ஜோடி, ஒன்று காயும்போது இன்னொன்று.

மருந்து பட்டுவிட்டால் தண்ணீர். முதலிலும் தண்ணீர், கடைசியிலும் தண்ணீர், விடாமல் 15 முதல் 20 நிமிஷம். அத்தனை நேரம் யாரும் நிற்பதில்லை; எரிச்சல் நின்றதும் நகர்ந்துவிடுவார்கள். பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். காஸ்டிக் செதிலாகக் கொட்டியிருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகு தண்ணீர் விட வேண்டும். செதில் நனையும்போது அதுவே கொதிக்கும். காஸ்டிக்குக்கு எலுமிச்சை, ஆசிட்டுக்குச் சோடா என்று பள்ளிக்கூடத்து நடுநிலையாக்கலைத் தோலில் செய்துபார்க்கக் கூடாது. அதிலும் சூடு பிறக்கும், நேரமும் போகும். இங்க் ஊற்றுவது, பற்பசை தடவுவது, மஞ்சள் அப்புவது எல்லாம் இன்னும் நடக்கிறது. டாக்டருக்குக் காயம் தெரியாமல் மறைப்பதைத் தவிர அவற்றால் ஒரு பயனும் இல்லை.

தண்ணீர் என்று சொல்வது எளிது, அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்று யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா? ஒரு ஆலையில் அவசர ஷவருக்குப் போகும் இரும்புக் குழாய் கூரை மேல் வெயிலில் கிடந்தது. மே மாதம் மதியம் இழுத்துப் பார்த்தால் கை வைக்க முடியாத சூட்டில் துருநீர் வந்தது. வெந்த தோலின் மேல் வெந்நீர். அமெரிக்கத் தரவிதியில் இந்த ஷவர் தண்ணீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. குழாயை நிழல் பக்கம் மாற்றிப் போட்டு, வாரம் ஒரு முறை திறந்துவிடும் வேலையை ஒருவர் பேரில் எழுதிவைத்த பிறகுதான் அது ஷவர் ஆனது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. மருந்து நனைந்த துணியை அங்கேயே உடனே கழற்ற வேண்டும். அத்தனை பேர் நடக்கிற இடத்தில் ஆணே பேன்ட்டைக் கழற்றத் தயங்குவான். பெண் எப்படிக் கழற்றுவாள்? தயங்குகிற நேரமெல்லாம் துணி மருந்தைத் தோலில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும். ஷவரைச் சுற்றி ஒரு திரை, பக்கத்தில் ஒரு பெட்டியில் லுங்கியும் நைட்டியும். செலவு மிகக் குறைவு. நான் போகிற இடத்தில் எல்லாம் முதலில் கேட்பது இதைத்தான்.

கேன்டீன் வேலைக்கு வந்தபோது சரக்கின் வீரியம் குறைந்தது, கையின் பாடு கூடியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு கேன்டீன் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. இங்கே ஒரு ஷிப்டுக்கே ஆயிரக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். பஸ்ஸில் இருந்து இறங்கும் கூட்டத்துக்கு இணையாகத் தட்டு வந்து விழும். கழுவுகிறவர்கள் பெரும்பாலும் வாலாஜாபாத், செய்யாறு, உத்திரமேரூர் பக்கத்துப் பெண்கள், கான்ட்ராக்ட் சம்பளம். ஆலையில் ஒரு சொட்டு ஒரு நொடியில் செய்ததை இங்கே இலேசான சோப்பும் இலேசான குளோரினும் மாதக்கணக்கில் செய்கின்றன. முதலில் மோதிரத்துக்கு அடியில் ஓர் அரிப்பு. பிறகு விரலிடுக்கு. பிறகு கணுக்களில் வெடிப்பு. மிளகாய்ச் சட்னி ஒட்டிய தட்டைத் தொட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அந்தக் கையோடு வீட்டுக்குப் போனால் அங்கேயும் பாத்திரம் காத்திருக்கும்.

ஜெர்மனியில் ஒரு ஷிப்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் அதை ஈரவேலை என்று தனியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தோல் பாதுகாப்புக்குத் திட்டம் போடச் சொல்கிறார்கள். நீர் புகாத கிளவுஸுக்குள் கை இருக்கும் நேரமும் முன்பு அந்தக் கணக்கில் சேர்த்தியாக இருந்தது. எங்கள் அக்காமார்களுக்கு அந்த 2 மணி நேரம் காலை டிபனுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதனால் நான் ஆட்களைச் சுழற்றுகிறேன். கழுவுமிடம், துடைக்குமிடம், அடுக்குமிடம் என்று மாற்றி மாற்றி. "மேஸ்திரி மாதிரி நிக்க வச்சு மாத்தறீங்களே, வேல ஓடாது சார்" என்று முதலில் முணுமுணுத்தார்கள். வெடிப்பு ஆறியபோது அவர்களே நேரம் பார்த்து இடம் மாறிக்கொண்டார்கள்.

குளோரின் அளவு இன்னொரு தொல்லை. கேன்டீனுக்கு வருகிற ஹைப்போ என்கிற குளோரின் மருந்து பெரும்பாலும் 10 சதவீதம் என்று எழுதி வரும். 10 சதவீதம் என்றால் 1 லட்சம் பிபிஎம். தட்டுக்கு வேண்டியது 200 பிபிஎம் என்றால் 1 லிட்டருக்கு 2 மில்லி, 100 லிட்டர் தொட்டிக்கு 200 மில்லி. ஒரு டம்ளர் கூட இல்லை. இதை நம்ப யாருக்கும் மனம் வராது. "இவ்ளோ பெரிய தொட்டிக்கு இத்தனூண்டா?" என்று ஒரு மக் ஊற்றுவார்கள். போதாததற்கு ஹைப்போ வெயிலில் கேனிலேயே வலுவிழக்கும். பழைய கேனில் வாசனை குறைந்துவிட்டது என்று இரண்டு மக் ஊற்றிப் பழகிய கை, புதுக் கேன் வந்த அன்றும் இரண்டு மக்கே ஊற்றும். அன்று தொட்டியில் கைவிட்ட அத்தனை பேருக்கும் எரியும். கேனில் வந்த தேதியை எழுதுவதும், நிழலில் வைப்பதும், டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைத்து நிறம் பார்ப்பதும் தட்டின் சுத்தத்துக்கான வேலைகள் என்று நினைக்கிறோம். கையைக் காப்பதும் அவைதான். ஹைப்போ கேனுக்குப் பக்கத்தில் கழிவறை ஆசிட்டை வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். அதற்கு எந்த கிளவுஸும் உதவாது.

2021 டிசம்பரில் இதே பட்டையில் போன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோய்ப்பட்டு, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. அதற்குப் பிறகு இந்தப் பட்டை முழுக்க கேன்டீன் ஆடிட் இறுகியது, இறுக வேண்டியதுதான். ஆனால் பயத்தில் மருந்தின் அளவும் பல இடங்களில் ஏறியது. அதற்கு முந்தின வருஷம் கொரோனாவின்போது இதைவிடப் பெரிய கூத்தைப் பார்த்தோம். திருப்பூரில் சந்தைக்கு வருகிறவர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கச் சுரங்கம் மாதிரி ஒரு கூண்டு வைத்தார்கள், நாடெங்கும் அதைப் பார்த்துச் செய்தார்கள். மனிதர்கள் மேல் தெளிப்பது பயனற்றது, தோலுக்கும் கண்ணுக்கும் கேடு என்று 2020 ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் எழுதித் தடுக்க வேண்டியிருந்தது. இரும்புக்கும் எவர்சில்வருக்கும் ஆனதை ஆள் மேல் தெளிக்கலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். கழுவுகிறவர்களின் தோலைப் பற்றி யாரும் கேட்டுப் பழகாத நாட்டில் அது வருவதில் ஆச்சரியமில்லை.

சட்டம் கேட்கவே செய்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில், ஈயநஞ்சுக்கும் சிலிகோசிஸுக்கும் கீழே ரசாயனம் பட்டு வரும் தோல் அழற்சியும் இருந்தது. வந்தால் நிர்வாகம் அறிவிக்க வேண்டும், பார்க்கிற டாக்டரும் அறிவிக்க வேண்டும் என்றது அதன் 89ஆம் பிரிவு. நடப்பில் சீட்டில் "அலர்ஜி" என்று எழுதி ஒரு களிம்பும் ஒரு மாத்திரையும் கொடுப்பார்கள். அலர்ஜி என்றால் அது அந்தப் பெண்ணின் உடம்பின் குற்றமாகிவிடுகிறது. வேலையின் மேல் பழி வராது. டாக்டரிடம் போகும்போது என்ன மருந்து, எத்தனை மணி நேரம், லீவு நாளில் குறைகிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். லீவில் ஆறி, வேலைக்கு வந்தால் திரும்புகிற அரிப்புக்குக் காரணம் வேலைதான் என்று எழுத டாக்டருக்கும் அது உதவுகிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இங்கே கார் கம்பெனியில் இருந்து டெட்ராய்ட் பக்கம் போனவன். ஒருநாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "மாமா, வீட்ல பீர் காய்ச்சறேன். ஸ்டார் சான்னு ஒரு மருந்து, பாட்டில்ல ஊத்திட்டு கழுவவே வேணாமாம். கை ரெண்டும் காஞ்சு வெடிக்குது, ஏன்?" 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச வழி உண்டு, நம் ஊரில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். பையனின் கேள்வி என் கேள்விதான். அந்த மருந்து பாஸ்பாரிக் ஆசிட்டும், எண்ணெய்ப்பசையை வாரி எடுக்கும் இன்னொரு ஆசிட்டும் சேர்ந்தது. 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. கலந்தது மென்மையானது, ஆனால் மாலை முழுக்க அதில் கையை விட்டுப் பாட்டில் பாட்டிலாக எடுத்தால் தோலின் எண்ணெய் போய்விடும். கலக்காதது கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரி. "பாட்டிலத்தான்டா கழுவ வேணாம்னு போட்டிருக்கான். கையக் கழுவு. ஊத்தறப்ப கண்ணாடி போடு. முழங்கை வரைக்கும் வர்ற நைட்ரைல் வாங்கு. இடுக்கியால எடு. முடிச்சதும் கழுவித் தொடச்சு எண்ணெய் தடவு" என்றேன். "இவ்ளோதானா?" என்றான். இவ்வளவுதான்.

ஆலையிலும் கேன்டீனிலும் அதைவிட ஒரு படி மேலே போக முடியும். ஊற்றுகிற வேலையையே எடுத்துவிடலாம். கேன் வாயில் பூட்டுகிற குழாயும் ஒரு சின்ன டோஸிங் பம்ப்பும் வைத்தால் மருந்து தானாக அளந்து தொட்டிக்குப் போகும். யாரும் மக்கைத் தொட வேண்டாம். பெரிய கேனைத் தூக்கிச் சாய்ப்பதைவிடச் சின்ன கேன் வாங்கலாம். காஸ்டிக் செதிலைத் தண்ணீரில்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், செதில் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைத் தொட்டி மேலேயே தமிழிலும் இந்தியிலும் எழுதலாம். கேனின் ஆங்கில லேபிளைப் படித்து யாரும் ஊற்றுவதில்லை. இவையெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுகிற ஆபத்துக்குத்தான் கிளவுஸ். நம் இடங்களில் கிளவுஸோடு பேச்சு தொடங்கி கிளவுஸோடு முடிகிறது, காயம் பட்டால் "கிளவுஸ் போட்டியா?" என்ற கேள்வியோடு கேஸும் முடிகிறது.

செலவு யார் தலையில் என்று கேட்பார்கள். கேன்டீன் டெண்டரில் தட்டுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். கிளவுஸ், களிம்பு, உலர்ந்த துண்டு என்று ஒரு வரி இருக்காது. இல்லாததால் கான்ட்ராக்டர் லாபத்திலிருந்து எடுக்க வேண்டும், எடுக்க மாட்டார். மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு நாள் உறுதிமொழி எடுத்துக் கொடியேற்றி இனிப்புக் கொடுப்பதற்கு ஆகும் பணத்தில் கழுவுமிடத்துக்கு நல்ல நைட்ரைல் வாங்கிவிடலாம்.

சாப்பிடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது நஷ்டக் கணக்கில்லை. வெடித்த கையில், கொப்புளத்தில் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி நல்ல தோலில் இருப்பதைவிட அதிகம் தங்கும். அது சோற்றில் விடுகிற நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கையில் புண் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது, வருஷம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணை சொல்வது இதனால்தான். புண் ஏன் வந்தது என்று மட்டும் அது கேட்பதில்லை. தட்டைச் சுத்தமாக்குகிறோம் என்று கையைப் புண்ணாக்கி, அந்தக் கையாலேயே தட்டை எடுத்து அடுக்குகிறோம்.

ஆகவே ஆடிட்டுக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தட்டில் பஞ்சு ஒற்றிக் கிருமி எடுக்கிறீர்கள், ஸ்ட்ரிப்பில் குளோரின் பார்க்கிறீர்கள், ரெஜிஸ்டரில் கையெழுத்து எண்ணுகிறீர்கள். கழுவுகிற நாலு பேரைக் கூப்பிட்டு, கிளவுஸைக் கழற்றச் சொல்லி, கையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். மற்றதெல்லாம் எழுதிவைக்க முடியும். அதை யாராலும் எழுதி ஒப்பேற்ற முடியாது.